மலைப்பாதையும் சைகை விளக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாலையில், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி ஒரு வாடகை மோட்டாரில் இறங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்ததும் மூடுபனி சாலையை மறைத்துவிட்டது. முன்னே சென்ற பஸ், இரண்டு சிவந்த புள்ளிகளாக மட்டுமே தெரிந்தது. வண்டியோட்டியவர் அறுபது வயதைக் கடந்தவர். அந்த மலையிலேயே வண்டியோட்டி முதுமை அடைந்தவர். பின்னால் வந்த லாரிக்கு வழிவிட எண்ணி, இடப்பக்கம் ஒதுங்குவதற்குரிய சைகை விளக்கைப் போட்டார். நாம் இண்டிகேட்டர் என்று சொல்கிறோமே, அந்த விளக்குத்தான். அதைப் போட்டவுடன் நிதானமாக ஒரு ‘டக்டக்’ ஓசை கேட்பது வழக்கம். அன்று அந்த ஓசை, கோழி தீனி பொறுக்குவது போலப் படபடவென்று அடித்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் பெருமாள்மலைக் கடைத்தெரு வரையில் மெல்ல ஓட்டி வந்து, ஒரு கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தினார்.

“என்ன அண்ணே, வண்டியில் ஏதேனும் கோளாறா?” என்று கேட்டேன்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. பின்னால ஒரு விளக்கு செத்துப்போச்சு. அதைத்தான் இது சொல்லுது” என்றார்.

பின்னால் சென்று பார்க்கும் முன்பே அவர் இதைச் சொன்னார். சென்று பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வண்டியின் பின்மூலையில் இருக்கும் விளக்கின் நிலைமை, முன்னே அமர்ந்திருப்பவரின் காதுக்கு எப்படி எட்டியது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நான், மின்சாரத்தைப் பற்றி மட்டுமின்றி, மலைச்சாலையின் வரலாற்றைப் பற்றியும் சற்றுப் படிக்க நேர்ந்தது.

பழநி மலைத்தொடர், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு வரும் ஒரு கிளை. 1821ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்னும் ஆங்கில அதிகாரி இம்மலையை அளந்து பார்த்தார். 1845இல் மதுரையைச் சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்சு ஓடைக்குக் கரையிட்டு, இன்று நாம் காணும் ஏரியை உண்டாக்கினார். 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. வழியிலுள்ள அம்மையநாயக்கனூர் நிலையமே பிற்காலத்தில் ‘கொடைக்கானல் ரோடு’ என்னும் பெயரைப் பெற்றது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் பெரியகுளத்தின் பக்கம் வந்து, மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரைமேல் ஏறியோ, டோலியில் சுமக்கப்பட்டோ மேலே சென்றார்கள்.

அந்தக் காலத்தில் திரும்புவதற்கு முன் சைகை காட்ட வேண்டிய தேவை யாருக்கும் இருந்திருக்க முடியாது. மனிதன் நடக்கும் வேகமே மலைப்பாதையின் வேகமாக இருந்தது. எதிரே ஆள் வந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒருவன் எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறான் என்பதை அவன் தோளின் சாய்வே காட்டிவிடும்.

மேஜர் லா என்பவரின் பெயரால் ‘லாஸ் காட் ரோடு’ என வழங்கிய மலைச்சாலை, 1910களின் நடுப்பகுதிக்குப் பின் மோட்டார் செல்வதற்கு உரியதாயிற்று. வத்தலக்குண்டைக் கடந்து, காமக்காபட்டியில் மலையேறத் தொடங்கி, டம் டம் பாறையைப் பார்த்துக்கொண்டு, ஊத்து, பெருமாள்மலை வழியாகச் சுற்றிச் சுற்றி ஏழாயிரம் அடி உயரத்தை எட்டும் சாலை அது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மோட்டார்த் தொழிலைத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். இருபது முப்பது ஆண்டுகளுக்குள், நடந்து ஏறியவர்களின் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள்.

மோட்டார் வந்தவுடன் மனிதனின் தோள் மறைந்துவிட்டது. தகரக் கூட்டுக்குள் இருப்பவன் என்ன செய்யப்போகிறான் என்பது வெளியே தெரியவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. குரல் கொடுத்து, அது காதில் விழுந்து, எதிரே வருபவன் ஒதுங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆதலால் கை வெளியே வந்தது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இன்னின்ன சமயங்களில் ஓட்டுநர் இன்னின்ன சைகை காட்ட வேண்டும் என்று ஓர் அட்டவணையே தந்தது. வலப்பக்கம் திரும்புவதற்கு வலக்கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்புவதற்கு அதே வலக்கையை வெளியே நீட்டிச் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைப்பதற்கு உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். அதே சட்டம், இயந்திரத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும் கருவியைக் கைக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று இடமும் கொடுத்தது. மின்விளக்குச் சைகை எல்லா வண்டிக்கும் பரவுவதற்கு வெகுகாலம் முன்னரே, அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்த சட்டம் அது.

கைச்சைகையை இகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. சமவெளியில், பகலில், அது தெளிவான மொழியாகவே இருந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் இரண்டு கையாலும் சக்கரத்தை வளைத்துப் பிடிக்க வேண்டிய ஓட்டுநருக்கு, வெளியே நீட்ட மூன்றாவது கை ஏது? மழையிலும் குளிரிலும் கையை நீட்டினாலும், மூடுபனியில் அதை யார் காண்பார்கள்? லாரிகளில் இடப்பக்கத்துக் கையைக் கிளீனர் நீட்டுவது வழக்கமாயிற்று. கிளீனர் உறங்கிவிட்டால் அந்தப் பக்கம் சைகையும் உறங்கிவிடும்.

பிற நாடுகளிலும் இதே தொல்லை இருந்தது. அமெரிக்காவில் பேசாப்பட நடிகையாகப் புகழ்பெற்ற புளோரன்ஸ் லாரன்ஸ் என்னும் அம்மையார் மோட்டார் ஓட்டுவதில் மிகுந்த ஆர்வம் உள்ளவர். பொத்தானை அழுத்தினால் வண்டியின் பின்புறத்தில் உயர்ந்து திசை காட்டும் ஒரு கையை அவர் 1914 வாக்கில் அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. ஆகவே அதனால் அவருக்குப் பொருள் வரவும் இல்லை. ஐரோப்பிய வண்டிகளில், கதவுத் தூணுக்குள் மறைந்திருந்து, வேண்டும்போது ரயில் கைகாட்டியைப் போல வெளியே நீளும் சிறு கரம் பல ஆண்டுகள் நிலவியது. நம் நாட்டில் பலரும் கண்ட மோரிஸ் மைனர் வண்டி, இங்கிலாந்தில் 1961 வரையில் இந்தக் கரத்தையே கொண்டிருந்தது. பழைய மோட்டார்களைப் பேணி வைத்திருப்பவர்களின் வீட்டில் அதை இன்றும் காணலாம். அது வெளியே வந்தபின் உள்ளே போக மறுப்பதும், உள்ளேயிருந்து வெளிவர மறுப்பதும் உண்டு. அப்போது தூணில் ஓங்கி ஒரு குத்து விடுவதே சிகிச்சையாக இருந்ததாம்!

இதற்கிடையில் வேறொரு யோசனை வளர்ந்து வந்தது. அசையும் கரத்திற்குப் பதிலாக அசையாத விளக்கையே வைத்து, அதை அணைத்து அணைத்து ஏற்றினால் என்ன? அமெரிக்கப் பியூக் நிறுவனம் தன் 1939ஆம் ஆண்டு வண்டிகளின் பின்புறத்தில் இத்தகைய மின்னும் சைகையை அமைத்தது. அடுத்த ஆண்டில் முன்புறத்திலும் அதை வைத்தது. திரும்பி முடித்ததும் சைகை தானே நின்றுவிடும் ஏற்பாட்டையும் செய்தது.

விளக்கை எரிய வைப்பது எளிது. அதை ஒரே தாளத்தில் அணைத்து ஏற்றுவது எப்படி? அந்நாளில் அதற்கு உதவியது உஷ்ணம். ஒரு சிறிய தகரக் குப்பி. உள்ளே ஒரு மெல்லிய கம்பி, ஒரு ஜோடித் தொடுமுனை. இதையே மெக்கானிக்குகள் ‘பிளாஷர்’ என்பார்கள். கம்பி இறுகி நின்று தொடுமுனைகளைப் பிரித்து வைத்திருக்கும். ஓட்டுநர் சுவிட்சைப் போட்டதும் அக்கம்பியில் மின்சாரம் பாய்கிறது. கம்பி சூடேறி நீள்கிறது. முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. விளக்கு பளிச்சென்று எரிகிறது. முனைகள் தொட்டவுடன் மின்சாரம் அந்த நேர்வழியே செல்வதால் கம்பி குளிர்ந்து சுருங்குகிறது, முனைகள் பிரிகின்றன, விளக்கு அணைகிறது. மறுபடியும் சூடு, மறுபடியும் குளிர்ச்சி. வேறு சில பிளாஷர்களில், சமமாக விரிவடையாத இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு இதே வேலையைச் செய்தது. அந்தத் தகடு வளைந்து நிமிரும் ஓசையே நாம் கேட்ட ‘டக்டக்’.

பள்ளி மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் ஒரு பக்கத்தில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக 21 வாட் பல்புகள் இரண்டு இருக்கின்றன. மின்கலம் 12 வோல்ட்டு. இரண்டும் எரியும்போது 42 வாட். 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். ஒரு பல்பு கருகிப்போனால் 21 வாட்டுத்தான். மின்னோட்டம் ஒன்றே முக்கால் ஆம்பியராகப் பாதிக்கு இறங்கிவிடும். பிளாஷரோ, தன் வழியே செல்லும் மின்னோட்டத்தின் சூட்டையும் இழுப்பையும் நம்பித் தாளம் போடுவது. பாரம் பாதியானால் தாளம் தவறும். அமைப்புக்குத் தக்கபடி சில பிளாஷர்கள் விரைந்து அடித்தன, சில மந்தமாயின, சில அசையாமல் நின்றுவிட்டன. எப்படியாயினும், ‘ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை’ என்பது ஓட்டுநருக்குத் தெரிந்தது.

இது யாரும் திட்டமிட்டு வைத்ததன்று. உஷ்ணத்தின் இயல்பால் தானாக அமைந்தது. இந்தத் தற்செயலைத்தான் பிற்கால எஞ்சினீயர்கள் மதித்துப் போற்றினார்கள். 1970களிலும் அதற்குப் பின்னும் கம்பியையும் தகட்டையும் நீக்கிவிட்டு மின்னணு பிளாஷர்கள் வந்தன. இவற்றுக்குத் தாளம் போட உஷ்ணம் வேண்டியதில்லை. மின்தேக்கி ஒன்று நிறைந்து வடியும் நேரமே இவற்றின் தாளம். ஒரு விளக்கு போனாலும் இவை பழைய தாளத்திலேயே அடித்துக்கொண்டிருக்க முடியும். ஆனால் அப்படி விட்டுவிடவில்லை. விளக்குக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு மின்தடையை வைத்து, மின்னோட்டம் குறைந்தால் தாளத்தை வேண்டுமென்றே ஏறத்தாழ இருமடங்கு ஆக்கும்படி அமைத்தார்கள். பழுதிலிருந்து பிறந்த ஓசை அறிவிப்பாக நிலைபெற்றது. தொழில்நுட்ப வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

இயல்பான தாளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. சர்வதேச விதிப்படி நிமிடத்திற்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் மின்ன வேண்டும். மிக மெதுவாக மின்னினால், ஒரு கணம் திரும்பிப் பார்ப்பவன் கண்ணுக்கு அணைந்த நிலை மட்டுமே படக்கூடும். மிக வேகமாக மின்னினாலோ, பல்பின் இழை முழுவதும் சூடேறவும் குளிரவும் நேரமின்றி மங்கலாகத் துடிக்கும். ஒரு விளக்கு பழுதான நிலையில் மட்டும் தாளம் இவ்வெல்லையிலிருந்து மாறலாம் என்று விதியே இடந்தருகிறது.

சரி, சைகை விளக்கு படபடக்கிறது. காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? பெருமாள்மலைப் பெரியவர் செய்த முறையையே சொல்கிறேன். முதலில் வலப்பக்கச் சைகையைப் போட்டுக் கேட்டார். அது நிதானமாக அடித்தது. ஆகவே பிளாஷரில் குறையில்லை, குறை இடப்பக்கத்தில்தான் என்பது உறுதியாயிற்று. இரண்டு பக்கமும் படபடத்திருந்தால் பிளாஷரையோ, மின்கலத்தின் அழுத்தத்தையோ ஐயுற வேண்டும். நான்கு விளக்கையும் ஒருங்கே மின்னவைக்கும் பொத்தானைப் போட்டுப் பார்ப்பது இதற்குப் பயன்படாது. பல வண்டிகளில் அப்போது இந்தக் குறை வெளிப்படுவதில்லை.

பிறகு இறங்கிச் சுற்றி வந்தார். இடப்பக்க முன்விளக்கு மின்னியது. பின்விளக்கு இருண்டு கிடந்தது. கண்ணாடி மூடியைக் கழற்றிப் பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இழை அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி கறுத்தும் இருக்கும். அந்தப் பல்பின் இழை நன்றாகவே இருந்தது. “பல்பு நல்லாத்தான் இருக்கு. மலைதான் தின்னிருக்கு” என்று சொல்லி, அவர் ஹோல்டரை எனக்குக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

‘மலை தின்றது’ என்பதற்கு விளக்கம் வேண்டும். மோட்டாரில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு கம்பிதான் உண்டு. மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடல் வழியே. இதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். கொடைக்கானலின் மூடுபனியும் ஓயாத சாரலும் விளக்கின் மூடிக்குள் நுழைந்து, பித்தளையில் களிம்பையும் இரும்பில் துருவையும் உண்டாக்குகின்றன. திரும்பும் வழி அடைபட்டால் பல்பு நன்றாக இருந்தும் எரியாது. பிளாஷருக்கு, பல்பு கருகியதும் களிம்பு ஏறியதும் ஒன்றே. இரண்டிலும் மின்னோட்டம் குறைகிறது. சில சமயம் வழி தேடும் மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியே புகுந்து, சைகை போடும்போது பிரேக் விளக்கு மங்கலாகத் துடிக்கும். அப்படிக் கண்டால் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்பை மாற்றுகிறவர்கள் குறைந்த வாட் பல்பைப் போட்டுவிட்டாலும் இதே படபடப்பு வரும்.

பெரியவர் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து ஹோல்டரைத் தேய்த்தார், பல்பின் அடியையும் தேய்த்தார், திருப்பிப் பொருத்தினார். முன்னே சென்று சைகையைப் போட்டார். டக்... டக்... பழைய நிதானம் வந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிஷம் ஆயிற்று.

இந்தப் பத்து நிமிஷத்திற்குள் அடங்கியது சிறிய காரியமன்று என்பதை மலைச்சாலையை அறிந்தவர்கள் உணர்வார்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஏறுமுகத்தில் நின்றுவிட்ட பார வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் அல்லவா? இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது அவனைத் தொடர்ந்து இறங்குகிறவனுக்கு அது தெரிய வேண்டும். முன்விளக்கு மின்னிப் பின்விளக்கு இருண்டிருந்தால், எதிரே வருபவன் அறிகிறான். பின்னால் வருபவன் அறியான். வண்டிக்குள் இருப்பவனோ, தான் இருவருக்கும் சொல்லிவிட்டதாக நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் கலைப்பதற்குத்தான் அந்தப் படபடப்பு.

இன்று இதற்கு ஒரு புதிய இடையூறு தோன்றியிருக்கிறது. பழைய இழைப் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துகிறார்கள். அது சில வாட் மின்சாரத்திலேயே பிரகாசமாக எரிகிறது. பழைய பிளாஷர் இதை அறியாது. மின்னோட்டம் குறைந்ததைக் கண்டு, விளக்கு போய்விட்டது என்று எண்ணிப் படபடக்கிறது. இங்கே விளக்கில் குறையில்லை, கேட்கும் காதுதான் பழையது. சிலர் பழைய பல்பின் அளவு மின்சாரத்தை வீணாக விழுங்கும் ஒரு மின்தடையை இணைக்கிறார்கள். அது கொதிக்கும் அளவு சூடேறும். பிளாஸ்டிக்கின் மேல் வைத்தால் உருக்கிவிடும். இரும்பின் மேல்தான் பொருத்த வேண்டும். வேறு சிலர் எல்.இ.டி.க்கு உரிய பிளாஷரையே மாற்றுகிறார்கள். இது மேலான வழி. ஆயினும் இத்தகைய பிளாஷர்களில் பல, விளக்கு போனாலும் தாளம் மாறாமல் அடிப்பவை. ஓசை அடங்கிவிட்டது என்று மகிழ்கிறவர்கள், நாள்தோறும் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து விளக்குகளைக் கண்ணால் பார்க்கும் கடமையை ஏற்றுக்கொண்டவர்கள் ஆகிறார்கள். எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஐயமே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மூடுபனி இறங்கியதும் நான்கு சைகை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. வண்டி வழியில் நின்றுவிட்டால் எச்சரிப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அது. ஓடும்போது அதைப் போட்டவன், திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று காட்ட முடியாமல் தன் வாயைத் தானே கட்டிக்கொள்கிறான்.

புதிய மோட்டார்கள் பலவற்றில் தகரக் குப்பியும் இல்லை, தகடும் இல்லை. கணிப்பொறி ஒன்றே விளக்குகளைக் கவனித்து, எந்த விளக்கு போயிற்று என்பதை எழுத்தில் காட்டிவிடுகிறது. ஓசை எழுப்பும் பொருளே இல்லாத அவ்வண்டிகளிலும், சைகையைப் போட்டால் ‘டக்டக்’ என்று கேட்கிறது. அது ஒலிபெருக்கியிலிருந்து வரும் செயற்கை ஓசை. ஓட்டுகிறவர்களின் காது அந்தத் தாளத்திற்குப் பழகிவிட்டதால் அதை விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

அன்று பெருமாள்மலையிலிருந்து புறப்பட்டு ஊத்தைக் கடந்தபோது, பின்னால் வந்த லாரி இன்னும் எங்களைத் தொடர்ந்தே வந்தது. அகன்ற ஓரிடம் வந்ததும் பெரியவர் இடப்பக்கச் சைகையைப் போட்டு, இரண்டு மூன்று முறை அது அடிக்கும்வரை கேட்டுவிட்டு, பிறகே ஒதுங்கினார். லாரி ஒருமுறை ஒலியெழுப்பிவிட்டு எங்களைக் கடந்து பனிக்குள் சென்றது.